படியும் படிநிலையும்: படைச் சம்பளத்தின் வரலாற்றில் நாம்



இந்த நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சம்பளப் பட்டியல். கேட்பதற்கு வறட்சியாக இருக்கும். தலித் மக்களின் படை வரலாற்றைப் பேசும்போதெல்லாம் நாம் வீரத்தைப் பேசுகிறோம். கோரேகான் தூணில் பொறித்த பெயர்களைச் சொல்லித் தலை நிமிர்கிறோம். அது தேவைதான். ஆனால் துப்பாக்கி தூக்கியவருக்கு மாதம் எத்தனை ரூபாய் கிடைத்தது, அவருக்கு மேலே நின்றவருக்கு எத்தனை, கீழே நின்று கழிப்பறை சுத்தம் செய்தவருக்கு எத்தனை என்று நாம் அதிகம் கேட்டதில்லை. ஓர் அரசு யாருடைய உயிருக்கு என்ன மதிப்புப் போடுகிறது என்பதை அதன் சம்பளப் பட்டியலைப் போல வேறெந்த ஆவணமும் சொல்வதில்லை.

தமிழில் 'படி' என்றால் தானியம் அளக்கும் அளவை. ஏறும் படிக்கட்டும் படிதான். சம்பளத்துக்கு மேல் தரப்படும் தொகையும் படிதான்: அகவிலைப்படி, பயணப்படி. படிநிலை என்ற சொல்லும் இதிலிருந்தே வருகிறது. நம் முன்னோருக்குக் கூலி களத்துமேட்டில் படியால் அளக்கப்பட்டது. அளப்பவர் ஆண்டை, படியில் குறை வைப்பவரும் அவரே. சாதியில் நம் இடம் எதுவோ, அதுவே கூலியின் அளவையும் தீர்மானித்தது. இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொண்டால்தான், மாதம் பிறந்தால் காசாகக் கையில் விழும் படைச் சம்பளம் நம்மவர்களுக்கு என்னவாக இருந்தது என்பது புரியும்.

1. படிக்காக நடந்த இரண்டு கலகங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அடிப்படைச் சம்பளத்தோடு 'பாட்டா' என்ற படியும் தரப்பட்டது. முகாமை விட்டுப் போர்க்களத்துக்கோ அயல்நாட்டுக்கோ போனால் கூடுதல் பாட்டா. லாரி ஓட்டுநர்கள் இன்றும் 'பேட்டா' என்று வாங்குவது இந்தச் சொல்லின் வழிவந்ததுதான். அந்தக் காலப் படைகளில் எழுந்த கலகங்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்தப் படித்தொகை இருந்தது.

1764இல் வங்கப் படைக்கு மீர் ஜாஃபர் தருவதாகச் சொன்ன வெகுமதி பங்கிடப்பட்டது. சாதாரண ஐரோப்பியப் படைவீரருக்கு 40 ரூபாய், இந்தியச் சிப்பாய்க்கு 6 ரூபாய். ஒரே போர், ஒரே ஆபத்து. சிப்பாய்கள் கொதித்தெழுந்த பிறகு அது 20 ரூபாயாக உயர்த்தப்பட்டது, அப்போதும் பாதிதான். அதே ஆண்டில் சிப்பாய்களிடையே மீண்டும் அதிருப்தி வெடித்தபோது, தளபதி ஹெக்டர் மன்றோ இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். அவர்களில் சிலர், போரில் தாங்கள் எப்போதும் வலப்புறம் நின்றவர்கள், ஆகவே வலப்புறப் பீரங்கிகளிலேயே தங்களைக் கட்ட வேண்டும் என்று கேட்டதாகப் பதிவு இருக்கிறது. சாவின் வாசலிலும் வரிசை விட்டுப்போகவில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1766இல், இன்னொரு கலகம் நடந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் அனுபவித்துவந்த இரட்டைப் பாட்டாவை ராபர்ட் கிளைவ் நிறுத்தினார். அதிகாரிகள் கூடிப் பேசி, ஒரே நேரத்தில் பதவி விலகுவதென்று முடிவெடுத்தார்கள். கிளைவ் சென்னையிலிருந்து அதிகாரிகளை வரவழைத்து அதை முறியடித்தார். அந்த அதிகாரிகளில் யாரும் பீரங்கி வாயில் கட்டப்படவில்லை. சிலர் பதவி இழந்தார்கள். பலர் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். முக்கியச் சூத்திரதாரியாகக் கருதப்பட்டுப் பதவி பறிக்கப்பட்ட ராபர்ட் ஃபிளெட்சர், சில ஆண்டுகளில் சென்னைப் படைக்கே தலைமைத் தளபதியாக வந்து சேர்ந்தார்.

இரண்டிலும் கோரிக்கை பணம்தான். மேல்படியில் நின்றவருக்கு அது உரிமைப் பிரச்சினையாகவும், கீழ்ப்படியில் நின்றவருக்கு அது துரோகமாகவும் கணக்கில் ஏறியது.

2. ஏழு ரூபாய்

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். சோறு அவர் செலவு. உடை, சாமான்களில் பலவற்றுக்கும் அந்தச் சம்பளத்திலிருந்தே பிடித்தம் போகும். 1857 காலத்து வங்கப் படைப் பட்டியலில் சிப்பாய்க்கு 7, நாயக்குக்கு 12, ஹவில்தாருக்கு 14, ஜமேதாருக்கு ஏறத்தாழ 24, சுபேதாருக்கு 67 ரூபாய் என்று இருந்தது. சிப்பாயிலிருந்து சுபேதார் வரை ஏறுவதற்கு ஓர் ஆயுள் பிடிக்கும். மூப்பு அடிப்படையில் பதவி உயர்வு என்பதால், தலை நரைத்த பிறகுதான் பலர் அந்தப் படியைத் தொட்டார்கள். தொட்டாலும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேய இளம் அதிகாரிக்கு அவர் கீழ்ப்பட்டவரே. சுபேதார் மேஜர் என்ற உச்சிப் படிக்கும் இதே விதிதான். கம்பெனிப் படையில் ஐரோப்பியர் ஆறேழு பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். ஆனால் படைச் செலவில் பாதிக்கும் மேல் அவர்களுக்கே போனது.

இது சுரண்டல். இதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் வரலாறு இந்த ஒரு வரியோடு முடிந்துவிடவில்லை.

அந்த 7 ரூபாயில் ஒரு விசேஷம் இருந்தது. மகார் சிப்பாய்க்கும் 7, மராத்தாச் சிப்பாய்க்கும் 7. மகார் ஒருவர் ஹவில்தார் ஆனால் ஹவில்தாரின் சம்பளம். சம்பளம் பதவியைப் பார்த்ததே ஒழிய, பிறந்த தெருவைப் பார்க்கவில்லை. ஊரில் யாரிடம் கைகட்டி நின்றாரோ அவரைவிட, சுபேதாராகிவிட்ட மகாருக்கு அதிகச் சம்பளமும் ஆணையிடும் அதிகாரமும் இருந்தன. பம்பாய்ப் படையில் மகார்களும், சென்னைப் படையின் பயனியர், சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் அணிகளில் பறையர் சமூகத்தவரும் பெருமளவில் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பர்கள் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள். மண்வெட்டி பிடித்த அதே கைதான். ஆனால் இங்கே அந்த உழைப்புக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது. வேலை முடிந்தால் ஓய்வூதியம் இருந்தது.

பள்ளிக்கூடமும் இருந்தது. கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய ஆண், பெண் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக இருந்ததை அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக உயர்ந்தவர். படைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். 1891இல் மோவ் என்ற படை முகாம் ஊரில் அம்பேத்கர் பிறந்தது தற்செயல் அல்ல. சுபேதாரின் சம்பளமும் ஓய்வூதியமும் படைப்பள்ளியும் சேர்ந்த ஒரு வீட்டிலிருந்துதான் அவர் புறப்பட்டு வந்தார்.

3. ஏணி எடுக்கப்பட்டது

அந்த ஏணிதான் 1890களில் நம் காலடியிலிருந்து உருவப்பட்டது. 'போர்க்குடிகள்' என்றொரு கோட்பாடு வந்தது. சில இனங்களுக்கே வீரம் பிறப்பில் உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்பது அதன் சாரம். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், 1885 முதல் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமை ஏற்ற ராபர்ட்ஸ் இதைத் தீவிரமாக நடைமுறைப்படுத்தினார். தென்னிந்திய அணிகள் குறைக்கப்பட்டன, வடக்கிலிருந்து ஆள்சேர்த்தார்கள். படைப்பிரிவுகள் சாதிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. மகார்களுக்குக் கதவு மூடப்பட்டது. தீண்டத்தகாதவர் சுபேதாராக நின்று ஆணையிட, மேல்சாதிச் சிப்பாய் வணக்கம் வைப்பதா என்ற உறுத்தலும் இதன் அடியில் இருந்தது. சாதி மனுதர்மத்தில் சொன்னதைப் 'போர்க்குடி'க் கோட்பாடு அறிவியல் மொழியில் சொன்னது.

இந்த இழப்பின் அளவை உடனே உணர்ந்தவர்கள் ஓய்வுபெற்ற நம் படைவீரர்கள்தான். 1894இல் கோபால் பாபா வலங்கர் விண்ணப்பம் எழுதினார். அவரே முன்னாள் படைவீரர். 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே தலைமையில் தக்காண மகார்கள் இந்திய அமைச்சருக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். படையிலும் காவல்துறையிலும் அரசின் கடைநிலைப் பணிகளிலும் இடம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது போரை அல்ல. மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும், அவற்றோடு வரும் மனித மதிப்பையும்தான். நவீன இந்தியாவில் தலித் மக்கள் எழுதிய முதல் உரிமை விண்ணப்பங்களில் இவை அடங்கும் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் மற்றவர்களுக்குப் பட்டியல் மெல்ல ஏறியது. சிப்பாயின் சம்பளம் 1895இல் 9 ரூபாய், 1911இல் 11 ரூபாய். முதல் உலகப் போரின் நெருக்கடியில் 1917இல் இலவச உணவும் வந்தது. நாமோ பட்டியலுக்கு வெளியே, அல்லது அதன் அடியில் இருந்தோம். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 5,63,000 பேர் போர்புரியாதவர்கள் என்ற கணக்கில் வந்தவர்கள். அதில் பல வகையினர் உண்டு. தண்ணீர் சுமப்பவர், துணி வெளுப்பவர், செருப்புத் தைப்பவர், மலம் அள்ளுபவர் எல்லாரும் அதற்குள் அடக்கம். குண்டு இவர்களையும் கொன்றது. ஆனால் 'பின்தொடர்வோர்' என்று பெயரிட்டு, இவர்களில் கடைநிலையினருக்குச் சிப்பாயைவிடக் குறைந்த சம்பளம் தந்தார்கள். ஊரில் சாதி பிரித்த வேலையை, படை தன் பட்டியலில் அப்படியே பெயர்த்து எழுதிக்கொண்டது.

ஆள் தட்டுப்பாடு வந்தபோது மட்டும் கதவு திறந்தது. 1917இல் 111ஆவது மகார் அணி உருவானது. போர் முடிந்த சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் சமார் ரெஜிமென்ட் உருவானது, 1946இல் கலைக்கப்பட்டது. அம்பேத்கர் விடாமல் வலியுறுத்தியதன் பின்னணியில் 1941இல் உருவான மகார் ரெஜிமென்ட் மட்டும் நிலைத்தது.

4. ஒரே பனி, இரண்டு விலை

விடுதலைக்குப் பிறகு பதவிகள் அனைவருக்கும் பொது. ஆனால் பட்டியலின் உள்ளமைப்பைப் பார்ப்போம். ஏழாவது ஊதியக்குழுவின்படி சிப்பாயின் தொடக்க ஊதியம் 21,700 ரூபாய், லெப்டினன்டுக்கு 56,100, தலைமைத் தளபதிக்கு 2,50,000. பொறுப்புக்கு ஏற்ற ஊதியம் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். அதை நாம் இங்கே மறுக்கப் போவதில்லை. நம் கேள்வி படிகளைப் பற்றியது.

சியாச்சின் பனிமலையில் பணிசெய்வோருக்குத் தனிப்படி உண்டு. 2017இல் அரசு அறிவித்த அளவு: அதிகாரிகளுக்கு மாதம் 42,500 ரூபாய், ஜவான்களுக்கும் ஜேசிஓக்களுக்கும் 30,000 ரூபாய். இது பொறுப்புக்கான ஊதியம் அல்ல. குளிருக்கும் மூச்சுத்திணறலுக்கும் தருவது. பனி, தோள்பட்டையில் இருக்கும் நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தா கடிக்கிறது?

படைவாழ்வின் சிரமத்துக்கென்றே தரப்படும் இராணுவப் பணி ஊதியமும் அப்படித்தான். அதிகாரிக்கு 15,500, சிப்பாயிலிருந்து சுபேதார் மேஜர் வரை எல்லாருக்கும் 5,200. ஜேசிஓக்களுக்காவது இதை உயர்த்தும்படி படைத்துறை கேட்டது; நிதியமைச்சகம் மறுத்துவிட்டது. உடல் உறுப்பை இழந்தவரின் ஓய்வூதியத்துக்கு ஏழாவது ஊதியக்குழு நிலையான தொகை பரிந்துரைத்தது. முழு ஊனத்துக்கு அதிகாரிக்கு 27,000, ஜேசிஓவுக்கு 17,000, ஜவானுக்கு 12,000. அரசு பிறகு கடைசி ஊதியத்தில் இத்தனை விழுக்காடு என்ற பழைய முறைக்கே திரும்பியது. எந்த முறையானாலும் காலின் விலை பதவியோடு ஏறி இறங்குகிறது.

இதற்கு மாற்றே இல்லையா? அதே அரசிடம் இருக்கிறது. பணியில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்குத் தரப்படும் கருணைத் தொகை, இறப்பு எந்தச் சூழலில் நேர்ந்தது என்பதைப் பார்க்கிறது, பதவியைப் பார்ப்பதில்லை. செத்தவர்களைச் சமமாக நடத்த முடிகிற அரசுக்கு, குளிரில் நிற்பவர்களையும் காலிழந்தவர்களையும் சமமாக நடத்த முடியாதா?

2022இல் வந்த அக்னிபத் திட்டம் பட்டியலின் அடியில் புதிதாக ஒரு படியைச் சேர்த்தது. முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 30 விழுக்காடு நிதிக்குப் பிடித்தம். நான்காண்டு முடிவில் அரசின் பங்கும் வட்டியும் சேர்த்து ஏறத்தாழ 11.71 லட்சம். அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கே தொடர்ந்து பணி. மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. ராம்ஜி சக்பாலின் வீட்டைத் தாங்கிய தூண்களில் ஒன்று ஓய்வூதியம் என்பதை நாம் பார்த்தோம். ஒரு தலைமுறையைப் படிக்க வைத்தது அந்தத் தூண். ஆயுதப்படையில் இடஒதுக்கீடும் கிடையாது என்ற நிலையில், நம் பிள்ளைகள் பெரும்பாலும் எட்டக்கூடிய கீழ்ப்படியிலிருந்தே அந்தத் தூண் அகற்றப்பட்டிருக்கிறது.

5. நாம் கேட்க வேண்டியது

அண்ணல் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவர் இருப்பதால், ஒருவரும் முழுதாக எதிர்க்க முன்வருவதில்லை என்பது அதன் சூட்சுமம். படைப் பதவி சாதி அல்ல. பதவியில் ஏற முடியும், சாதியில் முடியாது. அந்த வேறுபாடுதான் நம் முன்னோருக்கு 7 ரூபாயை விடுதலையின் முதல் தவணையாக்கியது. ஆனால் ஆபத்துக்கும் வலிக்கும் தரும் தொகையையும் பதவிவாரியாகப் பிரிக்கும்போது, பட்டியல் வேலையை அளப்பதை விட்டுவிட்டு ஆளை அளக்கத் தொடங்குகிறது. அங்கே அது களத்துமேட்டுப் படியாகிவிடுகிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஆபத்துக்கும் ஊனத்துக்குமான படிகள் எல்லாப் பதவிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிப் படியில் நிற்பவருக்கும் ஓய்வூதியம் வேண்டும். மேல்படிகளில் யார் நிற்கிறார்கள் என்ற சாதிவாரிக் கணக்கை அரசு வெளியிட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. வடமாவட்டங்களில் நம் சேரிகள் பலவற்றில் படையில் இருந்து வந்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. அங்கே தகரப் பெட்டிகளுக்குள் பழைய சம்பளப் புத்தகங்களும் ஓய்வூதிய ஆணைகளும் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படம் எடுத்து வையுங்கள். எந்தப் பதவியில் எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்று எழுதி வையுங்கள். வீரத்துக்குத் தூண் இருக்கிறது. கூலியின் வரலாற்றை இனி நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய்பீம்.