ரெசிடென்ட்

எம்.பி.பி.எஸ். முடித்துப் பொது மருத்துவத்தில் மேற்பயிற்சி பெறும் மருத்துவரை 'ரெசிடென்ட்' என்கிறோம். லத்தீனில் 'செடேரே' என்றால் உட்கார்தல். அதிலிருந்து வந்த 'ரெசிடேரே' ஓரிடத்தில் தங்கியிருத்தலைக் குறிக்கும். ரெசிடென்ட் என்பவர் குடியிருப்பவர்.

இது வெறும் உருவகமன்று. 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது, மருத்துவத் துறையின் தலைவர் வில்லியம் ஆஸ்லர் அமைத்த பயிற்சி முறையில் இளம் மருத்துவர்கள் மருத்துவமனைக் கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். நோயாளிக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால் மாடியிலிருந்து இறங்கி வந்தாக வேண்டும். காய்ச்சல் ஏறுவதையும் இறங்குவதையும் முழுதாகப் பார்த்தவருக்கே நோயின் போக்கு பிடிபடும் என்பதால், இந்த ஏற்பாடு சரியானதென்றே நான் நினைக்கிறேன். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. பலருக்குத் திருமணமே தள்ளிப்போனது.

குடியிருப்பு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நீண்ட பணிநேரமும் கூடவே நின்றது. 2003-இல்தான் அமெரிக்கா முழுவதும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது. அதுவும் அதிகம்தான், தூக்கமில்லாத கண் மருந்துச் சீட்டில் தசமப் புள்ளியைத் தவறவிடும்.

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இறுதியில் வரும் ஓராண்டுப் பயிற்சிக்குச் 'சி.ஆர்.ஆர்.ஐ.' என்று பெயர். அதன் இரண்டாவது 'ஆர்' குறிக்கும் 'ரெசிடென்ஷியல்' இதே வேரிலிருந்து வந்ததே. வார்டில் நோயாளிகள் இந்தப் பயிற்சி மருத்துவரை 'ஹவுஸ் சர்ஜன்' என்பார்கள். அதிலும் வீடு இருக்கிறது.