பனங்கையும் ஒட்டுப்பலகையும்

மதுரையின் மாசி வீதிகளில் பழைய வீடொன்று இடிபடுவதைச் சற்று நின்று பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம்: இடிப்பவர்கள் முதலில் கழற்றுவது மரத்தைத்தான். கதவு, நிலை, உத்தரம் எல்லாம் லாரியேறிப் போகும். அவற்றுள் சில காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் மறுபிறவி எடுக்கும். செங்கல்லுக்கும் காரைக்கும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. மரம் இங்கே என்றும் அரிய பொருளாகவே இருந்திருக்கிறது.

மதுரையைச் சூழ்ந்த வறண்ட சமவெளியில் உத்தரத்துக்கு ஏற்ற நெடுமரங்கள் குறைவு. இருந்தது பனை. புல்லினத்துக்கு நெருங்கிய உறவான பனையில் வலிமை நடுவில் இல்லை, வெளிவட்டத்தில் இருக்கிறது. கருத்த கடின நார்கள் அங்கே மென்மையான திசுவுக்குள் நெருங்கிப் பதிந்திருக்கின்றன. நம் தச்சர்கள் தண்டைப் பிளந்து, உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரம் பாய்ந்த விளிம்பைப் பனங்கையாக்கி ஓட்டுக்கூரையைத் தாங்கவைத்தார்கள். நாரும் அதைப் பிணைக்கும் பொருளும் சேர்ந்து ஒன்றாகச் சுமை தாங்குவது என்பதே இன்றைய கூட்டுமரப் பலகைகளின் தத்துவமும்.

வசதி படைத்தோரின் வீடுகளுக்கு விடை கடல் கடந்து வந்தது. பர்மியத் தேக்கு செட்டிநாட்டு மாளிகைகளை நிறைத்தது. மதுரையின் மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் தேக்குச் சட்டங்கள் செங்கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்தன. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றியபோது அந்த வழி அடைபட்டது. பின்வந்த பத்தாண்டுகளில் கூரையின் பாரத்தைக் கான்கிரீட் ஏற்றுக்கொண்டது. மரம் கதவுக்கும் அலமாரிக்கும் ஒதுங்கியது.

அங்கேதான் ஒட்டுப்பலகை நுழைந்தது. மெல்லிய மரத்தாள்களை ஒன்றன் ரேகைக்கு மற்றொன்று குறுக்காக, ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கிப் பசையிட்டு அழுத்துவதே அதன் செய்முறை. ஒரு தாள் சுருங்க முனைந்தால் அடுத்தது தடுக்கும். ஆனால் அதற்கான மரம் நெடுங்காலம் காட்டிலிருந்தே வந்தது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் குறித்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை அருணாசலத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களின் ஒட்டுப்பலகை ஆலைகளை மூடச் சொன்னது. நம் மலையடிவாரத்து வழக்கொன்று நாட்டின் மறுகோடியில் ஆலைகளை நிறுத்தியது. அதன்பின் தொழிற்சாலைகள் வயல்களை நாடின.

இன்று மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பரிந்துரைக்கும் மலைவேம்பு, சமவெளி உழவர்களின் நிலங்களில் ஒட்டுப்பலகைக்காக வளர்கிறது. வளரும் மரம் கரியமிலத்தை உள்வாங்குகிறது. பலகையானபின்னும் அதைப் பூட்டிவைக்கிறது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டினால் என்று கணக்கிடப்படும் காலத்தில் இது சிறிய செய்தியன்று. எனினும் பலகையைப் பிணைக்கும் பிசின்களில் பெரும்பாலானவை ஃபார்மால்டிஹைடு கலந்தவை. அவை மெல்லக் கசியும், மட்கவும் மாட்டா. பனங்கையோ மண்ணுக்குத் திரும்பியது.

மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. செங்கற்சூளைக்கு விறகாகிக்கொண்டிருந்த மரத்துக்கு வந்த காவல் அது. இனிப் பனங்கைக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் வேண்டாம். ஆனால் கிடைக்கும் மரத்தின் இயல்பை அறிந்து, வலிய பகுதியைத் தேர்ந்து, வீணாக்காமல் கட்டிய அந்தத் தச்சனின் சிக்கனம், பசை வாளியோடு நிற்கும் நமக்கு இன்னும் பாடமாகவே இருக்கிறது.