சட்டம் வளர்த்த வெட்கம்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ஒருவரை வாயடைக்கச் செய்ய ‘விசர்’ என்ற ஒரு சொல்லே போதும். கொழும்பிலோ அங்கொடை என்ற ஊர்ப்பெயரே ஏச்சாகிவிட்டது. ஓர் ஊரின் பெயர் வசைமொழியானது எவ்வாறு? பாமர மக்களின் அறியாமையே காரணம் என்று படித்தவர்கள் எளிதிற் கூறிவிடுவர். அது முழு உண்மையன்று. இவ்வெட்கத்தை வளர்த்ததிற் சட்டத்துக்கும் பங்குண்டு என்பதை நமது நாட்டு வரலாறு காட்டுகின்றது.

மனநோயாளரைத் தனி இல்லங்களில் வைத்துப் பராமரிக்க ஆங்கில ஆட்சியினர் 1839ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றினர். அப்போது அத்தகைய இல்லம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே நோயாளர் ஹெந்தளைத் தொழுநோயாளர் இல்லத்திலே வைக்கப்பட்டனர். ஊர் அஞ்சி ஒதுக்கிய இரு பிரிவினர் ஒரே வளவுக்குள் அடைபட்டனர். பின்னர் 1847இற் பொறளையிலும், 1880களிற் கறுவாத்தோட்டத்திலும் இல்லங்கள் எழுந்தன. கறுவாத்தோட்டத்து இல்லம் நிரம்பி வழிந்தமையால், 1920களின் பிற்பகுதியில் அங்கொடை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து நோயாளிக்கு அது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவு. அங்கு கொண்டு செல்லப்பட்டவரை உறவினர் அடிக்கடி சென்று பார்ப்பதும் அரிதே.

அங்கு செல்லும் வழி இன்னும் கொடியது. 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் சித்தசுவாதீனமற்றவரா என்பதை விசாரித்து முடிவு செய்தது மாவட்ட நீதிமன்றம். வைத்தியர் அங்கே சாட்சி, தீர்ப்பளிப்பவர் நீதிபதி. நோயாளியைக் கொண்டு வருபவர் பலவேளை பொலிஸ்காரர். குற்றவாளி நடந்த அதே பாதையில் நோயாளியும் நடத்தப்பட்டால், ஊரார் இருவரையும் எவ்வாறு வேறு பிரித்தறிவர்? தாமாக விரும்பி மருத்துவமனையிற் சேர 1956ஆம் ஆண்டுத் திருத்தமே வழிவகுத்தது. ஆனால் அதற்குள் மூன்று தலைமுறை கடந்துவிட்டது.

வேறொரு சட்டமும் வாயை அடைத்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தற்கொலைக்கு முயன்று உயிர்தப்பியவருக்குச் சிறையை விதித்தது. அது நீக்கப்பட்டது 1998இலேதான். 1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின்னரே அது பெரிதுங் குறைந்தது. நஞ்சு எட்டாமற் போயிற்று. நஞ்சைத் தேடவைத்த துயரைப் பேசும் துணிவு வந்துவிட்டதா?

மனச்சோர்வு நோய் கூச்சலிடுவதில்லை. உறக்கமின்மையாகவும், உடல்நோவாகவும், எதிலும் பற்றின்மையாகவும் அது வருகின்றது. வீட்டார் அதைச் சோம்பல் என்பர். நாவூறு என்று கழிப்புக் கழிப்பர். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று தாய் தன் நோயை மறைப்பாள். விசர் என்றால் விலங்கும் மதிலும் என்று பரம்பரையாகப் பயின்ற உள்ளம், வைத்தியரிடம் செல்ல எங்ஙனம் துணியும்?

இன்று அங்கொடை வைத்தியசாலைக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். மாவட்ட வைத்தியசாலைகளிலே மனநலச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. நீதிமன்றப் படி ஏறாமலே எவரும் அங்கு செல்லலாம். கதவு திறந்துதான் இருக்கின்றது. வாசலிலே நிற்பது நமது வெட்கம். அது இயற்கையன்று, மனிதர் ஆக்கியது. மனிதர் ஆக்கியதை மனிதரே அழிக்கலாம். ‘விசர்’ என்ற ஏச்சு வகுப்பறையில் எழும்போது ஆசிரியரும், கதையில் நகைச்சுவையாக வரும்போது எழுத்தாளரும் அதைத் தடுக்க முன்வருவார்களாக. வேலை அங்கிருந்தே தொடங்கவேண்டும்.