ஒரு பாயும் ஒரு மெத்தையும்

"ஒன்றாய்ப் படுத்து எழும்புவது எங்கடை கலாசாரம். வெள்ளைக்காரன்தான் பிள்ளைக்குத் தனியறை குடுத்துத் தள்ளி வைக்கிறான்" என்று ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். மறுக்க வாயெடுத்தேன், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

இலண்டன் விக்டோரியா அல்பேட் அருங்காட்சியகத்தில் 'வெயார் பெருங்கட்டில்' என்று ஒன்று இருக்கிறது. 1590களில் செய்யப்பட்டது; அகலம் 3 மீற்றருக்கு மேல். நாலு சோடிகள் படுக்கலாம் என்பார்கள். ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றிலும் அதன் பெயர் வருகிறது. முன்பின் அறியாதவருடன் ஒரே கட்டிலில் படுப்பது ஐரோப்பியருக்கு நூற்றாண்டுகளாகச் சாதாரணம். கட்டில் விலை அதிகம், குளிர் அதைவிட அதிகம். தனியறை வசதியோடு வந்த பழக்கம். கனடாவில் தேசியக் குடியிருப்பு நியமம் வந்ததே 1980களின் நடுப்பகுதியில்தான்: ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் ஆகாது, ஐந்து வயதான ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் வேறுவேறு அறை. இது சட்டமல்ல, வீடு போதுமா என்று பார்க்கும் கணக்கு.

இனி எங்கள் கதை. கோண்டாவிலில் எங்கள் வீட்டில் இரண்டு அறை. அண்ணாவுக்கும் எனக்கும் ஒரு பன்பாய், ஒரு போர்வை. விடியும்போது போர்வை எப்போதும் அவரிடமே இருக்கும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வழக்குப் பேச முடியாது. அக்கா பெரியபிள்ளையானதும் அவளுடைய பாய் உள்ளறைக்குப் போய்விட்டது. எங்கள் 'ஒன்றாய்'க்குள்ளும் ஒரு சுவர் இருந்ததை நண்பர் மறந்துவிட்டார்.

1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் யாழ்நகரை நோக்கி முன்னேறியபோது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சமடைந்தார்கள். நாங்களும் போனோம். அம்மா அந்தப் பாயையும் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அதில் ஐந்து பேர். எனக்குப் பன்னிரண்டு வயது. ஷெல் சத்தம் கேட்கும் போதெல்லாம் அண்ணா என் மேற்காதைக் கையால் பொத்துவார். கீழ்க்காது அவருடைய புயத்தில் அழுந்திக் கிடக்கும்.

அடுத்த வருடம் ஏஜென்சிக்காரன் மூலம் அவர் கனடாவுக்குப் போனார். முழுப்பாயும் எனக்கு என்றானபோதும் நான் சுவரோரமாகவே படுத்தேன்.

1994இல் நான் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தேன். பேஸ்மென்றில் நாலு பேருக்கு இரண்டு மெத்தை. அண்ணாவுக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. அவர் படியிறங்கி வரும்போது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். "சாப்பிட்டனியோ?" என்பார். நான் விட்ட சூட்டில் அவர் படுப்பார். ஊரில் கடன், அக்காவின் சீதனம். இரண்டு வருடம் ஒரே மெத்தையைப் பங்கிட்டோம். ஓரிரவுகூடச் சேர்ந்து படுக்கவில்லை. இதைக் கலாசாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இடமில்லாமையும் பயமும் காசில்லாமையும்தான் எங்களை ஒன்றாய்ப் படுக்க வைத்தன. அதற்குள் அன்பும் இருந்தது. அது வேறு கணக்கு.

கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, காதைப் பொத்தியது ஞாபகமா என்று அண்ணாவிடம் கேட்டேன். இல்லையாம். ஒரு ஷெல்லுக்கு நான் பாயை நனைத்ததும், சனத்துக்குத் தெரியாமல் அதிகாலையில் அவர் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவியதும்தான் ஞாபகமாம். அம்மாவுக்கும் சொல்லவில்லையாம்.