சுவர் எழுப்பிய ஊரும் கோடு கிழித்த ஊரும்

2013 ஜூன் தொடக்கத்தில் நடு ஐரோப்பாவில் விடாமல் கொட்டிய மழை, தூரத்தூர இருக்கும் இரண்டு ஜெர்மன் ஊர்களை ஒரே சமயத்தில் மூழ்கடித்தது. ஒன்று, சாக்சனி மாநிலத்தில் முல்டே ஆற்றங்கரையில் இருக்கும் கிரிம்மா. சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்தால் அங்கே முப்பதாயிரம் பேர்கூட இல்லை. மற்றது பாசாவ். பவேரியாவில் ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, டானூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்தது. இன்று கிரிம்மாவின் பழைய நகரை வெள்ளத்தடுப்புச் சுவர் காக்கிறது. பாசாவின் பழைய நகரைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு ஒன்றை விழிப்பான ஊர் என்றும் மற்றதை அசட்டையான ஊர் என்றும் சொல்பவர்கள் ஆறுகளைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

முல்டே மலையாறு. எர்ஸ்கெபிர்கே மலைகளில் பிறக்கும் இரண்டு கிளைகள் கிரிம்மாவுக்குச் சற்று மேலேதான் ஒன்றுசேர்கின்றன. மலையில் கனமழை பெய்தால் வெள்ளம் சில மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடும். 2002 ஆகஸ்ட் 12 அன்று அந்த மலைத்தொடரில் உள்ள சின்வால்டில் ஒரே நாளில் 312 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜெர்மனியில் அதுவரை அளந்திராத அளவு அது. மறுநாள் கிரிம்மாவின் தெருக்களில் ஆள் உயரத்தைத் தாண்டித் தண்ணீர் ஓடியது. திரெஸ்டனின் ஸ்விங்கர் மாளிகையை வடிவமைத்த பொப்பெல்மான் 1719இல் கட்டி முடித்த கல்பாலம் உடைந்தது. மக்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போய்ச்சேரவில்லை என்பதுதான் பெரிய வேதனை. அந்த வெள்ளத்தை ஆராய மாநில அரசு அமைத்த கிர்க்பாக் ஆணையமும் எச்சரிக்கை முறையின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடர் ரப்பர் பூட்ஸ் அணிந்து கிரிம்மாவின் சேற்றில் நடந்த படங்கள் நாடெங்கும் பரவின. அடுத்த மாதத் தேர்தலில் அவர் வென்றதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

சுவர் வேண்டும் என்று முடிவானதும் ஊர் இரண்டுபட்டது. முதலில் வந்த திட்டம் ஆற்றையும் ஊரையும் பிரிக்கும் வெறும் கான்கிரீட் சுவர். கிரிம்மாவின் அழகெல்லாம் ஆற்றோரத்தில்தான் இருக்கிறது: மடாலயத் தேவாலயம், 1550இல் தொடங்கிய புனித அகஸ்டின் பள்ளி, கோட்டை, பழைய மதில். அவற்றை மறைக்கும் சுவரை ஏற்க மாட்டோம் என்று குடிமக்களில் ஒரு பகுதியினர் எழுந்தார்கள். திரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வல்லுநர்கள் மாற்றுவழி கண்டார்கள். பழைய மதிலையும் கட்டடங்களின் ஆற்றுப்பக்கச் சுவர்களையுமே தடுப்பாக்கினார்கள். இடைவெளிகளை மட்டும் புதுச் சுவரால் நிரப்பினார்கள். நிலத்தடியிலும் நீர் கசிந்து நுழையாதபடி ஆழத்துக்குத் தடுப்பு இறக்கினார்கள். சுமார் 2 கிலோமீட்டர் நீளம். சாதாரண நாட்களில் ஊரார் ஆற்றுக்குப் போய்வர எழுபதுக்கும் மேற்பட்ட வாயில்களும் திறப்புகளும்.

இந்த வேலை 2007இல் தொடங்கி 2019இல்தான் முடிந்தது. பாதி கட்டிய நிலையில் 2013 வெள்ளம் வந்து, புதுப்பித்த வீடுகளை மறுபடியும் நாசமாக்கியது. அழகு பேசியவர்களால்தான் தாமதம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பதினொரு வருடத்தில் இரண்டு முறை வீட்டைச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த ஒருவர் அப்படிக் கோபப்பட்டால் அவரை நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனாலும் எதிர்த்தவர்கள் ஊருக்கு நல்லதே செய்தார்கள் என்று நம்புகிறேன். வெள்ளம் சில வருடங்களுக்கு ஒருமுறை வருவது; சுவரோ தினமும் கண்ணெதிரே நிற்பது.

பாசாவில் எல்லாமே பெரிது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வெளிறிய பச்சையாக வரும் இன் ஆறு, கூடும் இடத்தில் டானூபைவிடச் சராசரியாக அதிக நீரைக் கொண்டுவருகிறது. பழைய நகரம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நாக்குப்போல் நீண்டிருக்கிறது. 2013 ஜூன் 3 அன்று இரண்டும் பெருகி நின்றபோது டானூப் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501க்குப் பிறகு அங்கே அவ்வளவு நீர் வந்ததில்லை. குழாய்நீர் நின்றது, பல்கலைக்கழக வகுப்புகள் நின்றன. மாணவர்கள் முகநூல் வழியே திரண்டு, மண்வெட்டியும் வாளியுமாக முன்பின் தெரியாதவர்களின் நிலவறைகளைச் சுத்தம் செய்தார்கள். அந்தக் கோடையில் பாசாவிலிருந்து வந்த செய்திகளில் என் மனத்தில் நிலைத்தது அதுதான்.

டானூபை நோக்கி நிற்கும் பழைய நகர்மன்றத்தின் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் ஆண்டு எழுதிக் கோடு போட்டிருக்கிறார்கள். 1501 எல்லாவற்றுக்கும் மேலே, அதற்கு அடுத்து 2013, கீழே 1954, 2002 என்று வரிசையாக. ஆறுகளுக்கு நடுவே நீளும் அந்த முனையில் 13 மீட்டர் மட்டத்துக்கு ஏறும் நீரைத் தடுக்கும் சுவர் கட்டினால், கரையோரத்து வீடுகளின் சன்னல்களுக்கு முன் ஆறே தெரியாது. அதனால் ஊர் வேறு வழியைப் பழகியிருக்கிறது. பெரிய ஆறுகள் மெதுவாக ஏறும். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அளவுகோல்கள் முன்கூட்டியே சொல்லிவிடும். தரைத்தளத்துக் கடைக்காரர் சரக்கை மாடிக்கு ஏற்றிவிடுவார். 2024 ஜூனில் டானூப் 10 மீட்டர் அளவுக்கு ஏறியபோதும் இதுதான் நடந்தது. கிரிம்மாவில் இது நடக்காது, முல்டே அவகாசம் தராது.

வசதியில்லாதவருக்குப் பாசாவின் வழி கடினமானது என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் பூச்சையும் மரச்சாமான்களையும் இழப்பவர் கீழ்த்தளத்தில் இருப்பவர்தான். கிரிம்மாவின் சுவர் அந்த விஷயத்தில் நியாயமானது: வீட்டுக்காரர், வாடகைக்காரர், கடைக்காரர் எல்லாருக்கும் அதே உயரம். ஆனால் அதன் வாயில்கள் திறந்தே கிடக்கின்றன. மலையில் மழை பிடித்துக்கொண்டால், தண்ணீர் வருவதற்குள் அத்தனையையும் மூடியாக வேண்டும். 2002இல் தவறிய எச்சரிக்கை இன்னொரு முறை தவறினால், அவ்வளவு செலவில் எழுந்த சுவரும் திறந்த கதவோடு நிற்கும்.