சிசிஆர்5 ஏற்பியின் மரபணு வேறுபாடும் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆட்படும் இயல்பும்

எச்.ஐ.வி. வைரஸ் உடலுக்குள் வரும் வாய்ப்புப் பலமுறை நேர்ந்தும் தொற்றே பெறாத மனிதர்கள் சிலர் இருப்பதை, எய்ட்ஸ் பரவிய முதல் பத்தாண்டிலேயே மருத்துவர்கள் கவனித்தனர். தொற்றுப் பெற்ற பின்பு மருந்தில்லாமலே நெடுங்காலம் நோய் முற்றாமல் வாழ்ந்தவர்களும் தென்பட்டனர். இவ்விரு கூட்டத்தாரையும் ஒன்றாக வைத்து எண்ணினால் ஆய்வு தடம் மாறிவிடும். எனவே தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்துக்கொள்வோம்.

தொற்றேற்பு இயல்பு என்பது, வைரஸ் ஒருவரை எட்டும்போது அது உடலில் நிலைகொள்வதற்குள்ள வாய்ப்பின் அளவு. நோய்முதிர்வு வேகம் என்பது, நிலைகொண்ட வைரஸ் நோயெதிர்ப்புச் செல்களை அழித்து எய்ட்ஸ் நிலையை உண்டாக்க எடுத்துக்கொள்ளும் காலம். ஒரு மரபணு வேறுபாடு முதலாவதை மட்டும் பாதிக்கலாம். இரண்டாவதை மட்டும் பாதிக்கலாம். இரண்டையும் வெவ்வேறு அளவில் பாதிக்கலாம். எந்த வைரஸ் வகைக்கு எதிராக என்று கேட்காமல் இவ்விரண்டில் எதற்கும் விடை கூற முடியாது என்பதே நாம் நிறுவ முற்படும் கருத்து.

1. நுழைவின் படிநிலைகள்

ஏற்பி என்பது செல்லின் புறச்சவ்வில் பதிந்திருந்து, வெளியிலிருந்து வரும் குறிப்பிட்ட மூலக்கூற்றைப் பிணைத்து அச்செய்தியை உள்ளே கடத்தும் புரதம். வைரஸ்கள் இவற்றைத் தம் நுழைவுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. டி உதவிச் செல்களின் மேலுள்ள சிடி4 என்ற புரதமே எச்.ஐ.வி.யின் ஏற்பி என்பது 1984-இல் தெளிவாயிற்று. ஆனால் மனித சிடி4 புரதத்தை எலியின் செல்களில் உண்டாக்கிப் பார்த்தபோது, வைரஸ் அவற்றின்மேல் ஒட்டியதே தவிர உள்ளே புகவில்லை. மனிதச் செல்லில் இருந்து எலியின் செல்லில் இல்லாத ஏதோ ஒன்று தேவை என்பது இதன் பொருள். அந்த ஒன்றைத் தேடப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

1995-இன் இறுதியில் ராபர்ட் காலோவின் குழு, மூன்று கெமோகைன்கள் எச்.ஐ.வி.யின் பெருக்கத்தை அடக்குவதாகக் காட்டியது. கெமோகைன் என்பது, வெள்ளணுக்களை அழற்சி உள்ள இடத்துக்கு ஈர்க்கும் சிறு புரதம். 1996 மே மாதம் எட்வர்ட் பெர்கரின் குழு, பின்னர் சிஎக்ஸ்சிஆர்4 என்று பெயர்பெற்ற, சிடி4-உடன் சேர்ந்து வைரஸுக்கு வழிவிடும் இணை ஏற்பியை அறிவித்தது. அடுத்த மாதமே, காலோவின் மூன்று கெமோகைன்களும் பிணையும் சிசிஆர்5 ஏற்பிதான் மற்றொரு வாயில் என்று ஐந்து குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. கெமோகைன் அந்த ஏற்பியைப் பற்றியிருக்கும்போது வைரஸுக்கு அங்கே இடமில்லை. காலோ குழுவின் கண்டுபிடிப்புக்குரிய காரணமும் இதனால் விளங்கிற்று.

நுழைவு இப்படி நிகழ்கிறது. வைரஸின் உறையிலுள்ள ஜிபி120 புரதம் முதலில் சிடி4-ஐப் பிணைக்கிறது. அப்பிணைப்பால் அதன் வடிவம் மாறி, மறைந்திருந்த ஒரு பகுதி வெளிப்படுகிறது. அப்பகுதி இணை ஏற்பியைப் பற்றுகிறது. அதன் பின்னரே ஜிபி41 என்ற புரதம் விரிந்து செல்சவ்வில் ஊன்றி, இரு சவ்வுகளையும் ஒன்றாக இணைக்கிறது. இவற்றுள் ஒரு படி தவறினாலும் அடுத்தது நிகழாது.

இணை ஏற்பியைப் பொறுத்து வைரஸ்கள் மூன்று வகைப்படும்: சிசிஆர்5-ஐப் பயன்படுத்தும் ஆர்5 வகை, சிஎக்ஸ்சிஆர்4-ஐப் பயன்படுத்தும் எக்ஸ்4 வகை, இரண்டையும் பயன்படுத்தவல்ல இருவழி வகை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றி நிலைகொள்பவை பெரும்பாலும் ஆர்5 வகையே. எக்ஸ்4 வகை, தோன்றினால், நோயின் பிற்பகுதியில் தோன்றுகிறது. இந்தியாவில் மேலோங்கியுள்ள சி துணைவகை வைரஸில் இம்மாற்றம் பி துணைவகையில் காண்பதைவிடக் குறைவாகவே நேர்கிறது.

2. வேறுபாட்டின் வகைகள்

சிசிஆர்5 மரபணு மூன்றாம் குரோமோசோமின் குறுங்கையில் உள்ளது. அது ஆக்கும் புரதம் 352 அமினோ அமிலங்கள் கொண்டு, சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்கிறது.

இம்மரபணுவில் நன்கு ஆராயப்பட்ட வேறுபாடு டெல்ட்டா32 எனப்படும் நீக்கம். அதாவது, 32 கார இணைகள் விடுபட்டுப்போதல். மரபணுவின் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. 32 மூன்றால் வகுபடாத எண்ணாதலால், நீக்கத்துக்குப் பிறகு வரும் எழுத்துகள் அனைத்தும் பிறழ்ந்த தொகுப்பாகப் படிக்கப்பட்டு, விரைவிலேயே ஒரு நிறுத்தக் குறியீடு வந்துவிடுகிறது. விளைவு, 215 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குறைப்புரதம். அது செல்லின் மேற்பரப்பை அடைவதில்லை.

ஒவ்வொருவருக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இம்மரபணுவின் இரு படிகள் உண்டு. இரண்டிலும் நீக்கம் இருப்பதை இருபடி நீக்கநிலை என்றும், ஒன்றில் மட்டும் இருப்பதை ஒருபடி நீக்கநிலை என்றும் குறிப்போம். இருபடி நீக்கநிலையில் சிசிஆர்5 மேற்பரப்பில் அறவே இல்லை. ஒருபடி நிலையில் அதன் எண்ணிக்கை குறைகிறது.

டெல்ட்டா32 தவிர, 303-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறி முன்கூட்டியே நிறுத்தக் குறியீடு தோன்றும் அரிய வேறுபாடும் உண்டு. ஒரு படியில் இதையும் மறு படியில் டெல்ட்டா32-ஐயும் பெற்றவரின் செல்களிலும் ஆர்5 வைரஸ் புகவில்லை. இது ஒரு சிறந்த சான்று: தடை தருவது அந்த 32 எழுத்துகளின் நீக்கத்துக்குரிய தனிப்பண்பன்று, ஏற்பி இல்லாமையே. புரதத்தை மாற்றாமல் அதன் உற்பத்தியளவை மட்டும் கூட்டிக் குறைக்கும் வேறுபாடுகள் மரபணுவின் முன்னியக்கப் பகுதியில் உள்ளன. இவை நோய்முதிர்வு வேகத்தோடு தொடர்புடையவை. அண்டையிலுள்ள சிசிஆர்2 மரபணுவின் 64-ஆம் அமினோ அமிலம் வாலினிலிருந்து ஐசோலூசினாக மாறும் வேறுபாடும் நோய்முதிர்வைத் தாமதிக்கிறது, தொற்றேற்பைத் தடுப்பதில்லை.

3. விளைவின் அளவு

1996-இல் மைக்கேல் டீன், ஸ்டீபன் ஓ'பிரையன் ஆகியோரின் குழு வெளியிட்ட எண்கள் இன்றும் ஊன்றிப் படிக்கத்தக்கவை. தொற்றுப் பெற்ற 1343 பேரில் இருபடி நீக்கநிலையினர் ஒருவர்கூட இல்லை. தொற்று வாய்ப்புக்கு ஆட்பட்டும் பெறாத 612 பேரில் 2.8 விழுக்காட்டினர் அந்நிலையினர். ஒருபடி நிலையினர் தொற்றிலிருந்து காக்கப்படவில்லை. ஆனால் அவர்களுக்கு எய்ட்ஸ் இரண்டு மூன்று ஆண்டுகள் பிந்தி வந்தது. ஒரே நீக்கம், படிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, ஓரிடத்தில் தொற்றேற்பையும் மற்றோரிடத்தில் நோய்முதிர்வையும் பாதிப்பதை இங்கே காண்கிறோம்.

இவ்வெண்களின் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. தொற்றுப் பெறாத 612 பேரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினரிடம் இருபடி நீக்கநிலை இல்லை. அவர்கள் தப்பியதற்கு வேறு காரணம் தேடவேண்டும். நைரோபியில் பாலியல் தொழிலாளரிடையே நெடுங்காலம் தொற்றுப் பெறாதிருந்த பெண்களிடமும் டெல்ட்டா32 காணப்படவில்லை. ஆகவே இந்நீக்கத்தைத் தொற்றெதிர்ப்புக்கான பொது விளக்கமாகக் கொள்வது தவறு.

1997 முதல், இருபடி நீக்கநிலையினர் சிலரும் தொற்றுப் பெற்ற செய்திகள் வந்தன. ஆராய்ந்தபோது அவர்களிடம் இருந்தவை சிஎக்ஸ்சிஆர்4-ஐப் பயன்படுத்தும் வைரஸ்கள். இந்த விலக்குகள் விதியைக் குலைக்கவில்லை. அதன் எல்லையை வரைந்து காட்டின. சிசிஆர்5 இல்லாமை ஆர்5 வகைக்கு எதிரான தடை மட்டுமே.

4. பரவலும் தோற்றமும்

ஐரோப்பிய வழியினரில் இந்நீக்கத்தின் நிகழ்வளவு சராசரியாகப் பத்து விழுக்காடு. இருபடி நிலையினர் நூற்றுக்கு ஒருவர். வட ஐரோப்பாவில் மிகுந்தும் தெற்கே குறைந்தும் காணப்படுகிறது. ஆப்பிரிக்க, கிழக்காசியத் தொல்குடியினரிடம் ஏறக்குறைய இல்லை. இந்தியரிடமும் மிக அரிது. நம் நாட்டுத் தடுப்புப் பணியில் இதை நம்பி நிற்க இடமில்லை.

ஐரோப்பாவில் இந்நீக்கம் இவ்வளவு பரவ எது காரணம்? எச்.ஐ.வி. காரணமாக இருக்க முடியாது. அது மனிதரிடம் புகுந்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். 1998-இல் இந்நீக்கத்தின் வயது ஏறத்தாழ 700 ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டு, பதினான்காம் நூற்றாண்டின் பிளேக் அதைத் தேர்ந்தெடுத்ததாகக் கருதப்பட்டது. 2003-இல் பெரியம்மை முன்வைக்கப்பட்டது. பின்னர் வெண்கலக் காலத்து எலும்புகளிலேயே இந்நீக்கம் கண்டறியப்பட்டதால், பிளேக் கருதுகோள் வலுவிழந்தது. சிசிஆர்5 அற்ற எலிகள் பிளேக் கிருமிக்கு மற்ற எலிகளைப் போலவே இரையானதும் அதற்கு எதிரான சான்று. நம் கருத்தில், எந்த ஒரு நோயையும் காரணமென அறுதியிடும் சான்று இன்னும் இல்லை.

5. இழப்பின் மறுபுறம்

சிசிஆர்5 வைரஸுக்காக அமைந்ததன்று. வெள்ளணுக்களை உரிய இடத்துக்குச் செலுத்துவது அதன் பணி. அது இல்லாதவர்கள் நலமாகவே வாழ்கின்றனர் என்றாலும், மேற்கு நைல் வைரஸ் அவர்களிடம் நோய்க்குறிகளோடு வெளிப்படும் வாய்ப்பு மிகுதி என்று 2006-இல் அமெரிக்க நோயாளிகளிடம் கண்டனர். இதுவும் ஒரு காரணமாக, 2018 நவம்பரில் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற ஆய்வாளர் மனிதக் கருவில் இம்மரபணுவைத் திருத்தியதாக அறிவித்தபோது அறிவியலாளர்கள் கடுமையாகக் கண்டித்தனர். அங்கு உருவானவை இயற்கையான டெல்ட்டா32 நீக்கமும் அல்ல, விளைவு அறியப்படாத வேறு மாற்றங்கள். தந்தையின் தொற்று குழந்தைக்குச் செல்லாமல் தடுக்க எளிய வழிகள் முன்பே இருந்தன. தேவையின்றி இரு குழந்தைகளின் மரபணுவைப் பணயம் வைத்த செயல் அது.

6. மருத்துவப் பயன்

2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மாராவிராக் என்ற மருந்து, சிசிஆர்5-இல் பிணைந்து அதன் வடிவத்தை மாற்றி, வைரஸ் அதைப் பற்றாமல் செய்கிறது. நோயாளியிடம் இருப்பது ஆர்5 வகைதானா என்று சோதித்த பின்பே இதைத் தரவேண்டும்.

அதே ஆண்டு பெர்லினில், எச்.ஐ.வி.யோடு இரத்தப் புற்றுநோயும் கொண்டிருந்த டிமோதி ரே பிரவுனுக்கு, இருபடி நீக்கநிலைக் கொடையாளரின் குருத்துச் செல்களை கேரோ ஹூட்டர் செலுத்தினார். மருந்தை நிறுத்திய பின்னும் வைரஸ் திரும்பவில்லை. 2020-இல் புற்றுநோயால் இறக்கும்வரை பிரவுன் எச்.ஐ.வி. இன்றியே வாழ்ந்தார். ஆனால் எஸ்ஸென் நகரில் இதே முறையில் சிகிச்சை பெற்ற ஒருவரிடம், கொடைச் செல்களில் சிசிஆர்5 இல்லாதபோதும், எக்ஸ்4 வகை வைரஸ் மீண்டும் பெருகியதாக 2014-இல் அறிவிக்கப்பட்டது. நேர்மாறாக, ஜெனீவாவில் நீக்கமற்ற கொடையாளரின் செல்களைப் பெற்ற ஒருவர் 2021 நவம்பரில் மருந்தை நிறுத்திய பின்னும் வைரஸ் மீளவில்லை என்பது 2023-இல் வெளிவந்தது. கொடையாளரின் நோயெதிர்ப்புச் செல்கள், வைரஸ் ஒளிந்திருந்த பழைய செல்களை அழித்ததே இங்கு முதன்மைக் காரணமாதல் வேண்டும். எனவே ஒட்டுச் சிகிச்சை நம்முன் வைப்பது, முதலில் பிரித்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது வினா: ஒளிந்திருக்கும் வைரஸை அகற்றுவதில் ஏற்பியின்மைக்கு எவ்வளவு பங்கு, செல் மாற்றீட்டுக்கு எவ்வளவு பங்கு? இரண்டையும் தனித்தனியே அளக்க, நீக்கமுள்ள, நீக்கமற்ற கொடையாளர்களின் செல்களைப் பெற்றவர்களை ஒப்பிட வேண்டும். எச்.ஐ.வி. கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் புற்றுநோய்க்காகவே இச்சிகிச்சை தரப்படுவதால் ஒப்பிடத்தக்கவர்கள் மிகச் சிலரே.