சுவர் எழுப்பிய கரங்களும் நிலம் மறுத்த சட்டமும்

இடருற்ற மக்களுக்குத் தோள் கொடுத்தவர்களைச் சரித்திரம் போற்றுவது முறையே. ஆயினும், அவர்கள் எழுப்ப முனைந்த சுவர் எவ்விடத்தில் நின்றுபோயிற்று, ஏன் நின்றுபோயிற்று என்பதையும் அது பதிவு செய்தல் வேண்டும். இன்றேல், அது நன்றியுரையாகவே முடிந்துவிடும். 2004 டிசம்பர் 26இல் இலங்கையின் கீழ்க்கரையை அழித்த கடற்கோளையும், அதன்பின் நடந்த வீடமைப்பையும் இந்நோக்கிலேயே நாம் ஆராய விழைகின்றோம்.

அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். நாட்டின் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கிழக்கே கடல், மேற்கே வயல். இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே வீட்டோடு வீடு ஒட்டி மக்கள் வாழ்ந்தனர். அங்கும் கடலை அண்டிக் குடியிருந்தோரிற் பலர் கடற்றொழிலாளரும் கூலியாளருமே. அலை முதலில் அவர்களுடைய குடில்களையே வாரிச் சென்றது.

அந்நாளில் அவர்களுக்கு முதலிற் கைகொடுத்தவர்கள் அயலவரே. இக்கரையிலே பள்ளிவாசல் தொழுகைக்குரிய இடம் மாத்திரமன்று. தாய்வழி வரும் ஒவ்வொரு 'குடி'யின் சார்பிலும் மரைக்காயர் ஒருவர் அதன் நிருவாகத்தில் அமர்வது பழைய வழக்கம். எனவே, எந்தக் குடும்பத்தில் யார் தப்பினர், யார் மாண்டனர் என்பதை அறிய அங்கே புதிய ஏடுகள் தேவைப்படவில்லை. ஊர் இளைஞர் ஜனாஸாக்களை எடுத்து நல்லடக்கம் செய்தனர், தப்பியோருக்குச் சோறாக்கினர். தமிழரும் முஸ்லிம்களும் பூசலை மறந்து ஒருவருக்கொருவர் உதவினர். முஸ்லிம் எய்ட், இஸ்லாமிக் ரிலீப் போன்ற சமயச் சார்புள்ள நிறுவனங்களும், கிறித்தவ அமைப்புகளும், சர்வோதயத் தொண்டர்களும் பின்னர் வந்து சேர்ந்தனர்.

கல்லும் சீமெந்தும் வந்தன, தொண்டரும் வந்தனர். ஆனால், வீட்டை எங்கே கட்டுவது? கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்று அரசு விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் அவ்வெல்லை 100 மீற்றரே. நிலம் மிகுதியாயுள்ள இடத்தில் இவ்விதி ஓர் அசௌகரியம். கல்முனையிலோ ஊரின் ஒரு பகுதியையே அது விழுங்கிற்று. பின்னர் விதி தளர்த்தப்பட்டதாயினும், அதுவரையில் ஏழைகள் தற்காலிகக் கொட்டில்களிலே காத்துக் கிடந்தனர்.

மாற்று நிலம் கிடைத்த இடத்திலும் கதை வேறாகவில்லை. அக்கரைப்பற்றுப் பிரதேசத்து நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் கொடையால் 500 வீடுகள் எழுந்தன. அவற்றை யாருக்கு வழங்குவது என்பது இனப் பிணக்காயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. எல்லா இனத்தாருக்கும் பங்கு வேண்டுமென 2009இல் தீர்ப்பாயிற்று. கட்டி முடிந்த வீடுகளோ பல்லாண்டுகள் பற்றை மூடிக் கிடந்தன. வீடிழந்தோர் ஒருபுறம், ஆளில்லா வீடுகள் மறுபுறம்! இதைக் கொடையின் குறையென்று கூறலாமா?

இன்னுமொன்றுண்டு. இக்கரையிலே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தாய் தந்தையர் ஆயுளெல்லாம் உழைப்பர். மணமகன் அவ்வீட்டுக்கே வந்து சேர்வான். கடற்கோளுக்குப் பின் அரசு 'குடும்பத் தலைவர்' என்று ஆணையே கருதியமையால், பல இடங்களில் புதிய வீட்டின் உறுதி கணவன் பெயரில் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பிடியில் இருந்த ஒரே சொத்தை, நிவாரணத்தின் பெயரால் ஓர் எழுதுகோல் பறித்துக்கொண்டது. சுவர் எழுப்பிய தொண்டர் இதை விரும்பியிருக்கமாட்டார். ஆனால் உறுதி எழுதும் மேசையில் அவருக்கு இடமில்லை.

சமயத் தொண்டை எள்ளுவது நம் கருத்தன்று. முதல் நாளின் சோறும் கபன் துணியும் மனிதகுலத்தின் மாண்புக்குச் சான்றுகள். எனினும், கருணையால் நிலம் பிறப்பிக்க இயலாது. உரிமையைப் பதிவு செய்யவும் இயலாது. அவை அரசின் கடமைகள். 1978 நவம்பர் 23இல் சூறாவளி இக்கரையைச் சிதைத்தது. 26 ஆண்டுகளின் பின் கடல் வந்தது. மீண்டும் ஓர் இடர் வரும். அதற்கு முன்னரே மாற்று நிலம் குறிக்கப்படல் வேண்டும். உறுதியிலே பெண்ணின் பெயர் ஏறல் வேண்டும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் திரளும் தொண்டர், தோளில் மண்வெட்டியோடு இவ்விரு கோரிக்கைகளையும் சுமப்பாராயின், அவர் எழுப்பும் சுவருக்குள் மக்கள் குடியேறுவர்.